காலனிக்கு மீனிங்

எறும்புகளைப் பற்றிய பாடம் அது. எட்டாம் வகுப்பு, சாப்பாட்டு மணிக்குப் பிறகு வரும் முதல் பீரியட். பாதிப் பிள்ளைகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் நேரம். எத்தனையோ வருஷமாக ஆங்கிலம் நடத்துகிற எனக்கே அந்த நேரத்தில் கொட்டாவி வரும். போர்டில் ‘காலனி’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, “மீனிங் எழுதிக்கோங்க” என்றேன். எறும்போ தேனீயோ ஒரே இடத்தில் கூட்டமாகச் சேர்ந்து வாழ்வது.

முதல் பெஞ்சுப் பையன் ஒருவன் பேனாவை நிறுத்தினான். “மிஸ், எறும்புக்குக் கூடவா காலனி இருக்குது?”

தூங்கிக்கொண்டிருந்த வகுப்பு மொத்தமும் எழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்கும்போது சில தலைகள் திரும்பி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்த இரண்டு மூன்று பிள்ளைகளைப் பார்த்தன. அந்தப் பிள்ளைகள் நோட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, இல்லாத அவசரத்தோடு எழுதினார்கள்.

எங்கள் பக்கத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ஒரு கிராமம் என்றால் அது இரண்டாக இருக்கும். ஒன்று ஊர். இன்னொன்று ரோட்டைத் தாண்டியோ ஏரிக்கரையைத் தாண்டியோ கொஞ்சம் தள்ளி இருக்கும், அது காலனி. நிலம் வைத்திருந்தவர்கள் ஊரில் இருந்தார்கள். அந்த நிலத்தில் இறங்கி வேலை செய்தவர்கள் காலனியில் இருந்தார்கள். முன்னால் இருந்த பெயரைச் சொல்ல எல்லோருக்கும் கூச்சமாகப் போன காலத்தில், அரசாங்கம் வீடு கட்டிக் கொடுத்த சாக்கில் இந்த ஆங்கிலச் சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. பெயர்தான் மாறியது. காலனி என்று சொல்லும்போதும் ஜனங்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். நான் காலனியில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்டதும் இன்னொரு காலனியில்தான்.

அந்தப் பையனை நான் திட்டவில்லை. திட்டினால் மிஸ்ஸுக்கு ஏன் கோபம் வருகிறது என்று வகுப்பு யோசிக்கும். யோசித்தால் கண்டுபிடித்துவிடும். “தேனீக்கும் இருக்குதுப்பா, எழுது” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். சண்டை போடுவதற்கு வேண்டிய தெம்பு எல்லாம் அந்த வருஷம் வேறொரு காரியத்தில் செலவாகிக்கொண்டிருந்தது. செஞ்சியில் வாடகைக்கு ஒரு வீடு தேடிக்கொண்டிருந்தேன்.

வீடு எனக்காக அல்ல, என் மகளுக்காக. அவள் அப்போது பிளஸ் டூ. எங்கள் கிராமம் அவலூர்பேட்டையைத் தாண்டி உள்ளே இருக்கிறது. பள்ளிக்கூடம், அவளுக்கும் சரி எனக்கும் சரி, செஞ்சியில். காலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டிலேயே கிளம்புவோம். சாயந்திரம் அவளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து, பஸ்ஸுக்கு நின்று, வீடு போய்ச் சேரும்போது தெரு விளக்கு எரிய ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருக்கும். அமாவாசை வந்தால் அதுவும் போச்சு. மேல்மலையனூர் கோயில் கூட்டத்துக்கு வண்டியெல்லாம் அந்தப் பக்கம் திருப்பிவிடப்பட்டு, வருகிற ஒன்றிரண்டு பஸ்ஸிலும் கால் வைக்க இடம் இருக்காது. அப்படி ஒரு அமாவாசையில்தான் அவள் காலைத் தேர்வுக்குப் பாதி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தாள். ரிவிஷன் டெஸ்ட்தான், பெரிய பரீட்சை இல்லை. ஆனாலும் என் பிள்ளை அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன். பெரிய பரீட்சைக்கு முன்னால் எப்படியும் டவுனில் ஒரு வீடு பிடித்துவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மார்க் இருந்தால்தான் அது நடக்கும், தூங்காமல் மார்க் வராது.

என் வீட்டுக்காரருக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வருவார், துணி துவைத்துக்கொண்டு போவார். அதனால் வீடு தேடும் வேலை முழுக்க என் தலையில். சனிக்கிழமைகளில் கோட்டைக்குப் போகிற ரோட்டிலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலும் டூலெட் போர்டு பார்த்துப் பார்த்து நடந்தேன். செஞ்சி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மலையெல்லாம் பாறை, பாறையெல்லாம் வெயில். பொழுது சாய்ந்த பிறகும் ரோடு அனல் அடிக்கும்.

அந்த நடையில்தான் எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் எனக்குத் தெரியாத ஆங்கிலமாக மாறியது. ஒரு வீட்டில் அம்மா ஒருவர், “உங்க நேட்டிவ் எது டீச்சர்?” என்று ஆரம்பித்தார். பிறந்த இடம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே அது பிறந்த இடத்தைக் கேட்கும் சொல் இல்லை. ஊர்ப் பெயரைச் சொன்னால், அந்த ஊரில் எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வி வரும். அது வருவதற்குள் நான் பேச்சை மாற்றித் தண்ணி வசதி எப்படி என்று கேட்டேன். தண்ணி வசதி நன்றாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து, வீடு ஃபிக்ஸ் ஆகிவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகும் பல வாரம் அந்த டூலெட் போர்டு அங்கேயே தொங்கியது. நான் அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறேன்.

இன்னொரு வீட்டுக்காரர் நேராகவே பேசினார். “எங்களுக்கு டீசன்ட்டான ஃபேமிலி வேணும் மேடம், அவ்ளோதான்.” நான் இஸ்திரி போட்ட காட்டன் புடவையில், கையில் குடையோடு, கவர்மென்ட் டீச்சராக அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். இதற்கு மேல் டீசன்ட்டாக நிற்க எனக்குத் தெரியாது. நாங்கள் டீசன்ட்தான் சார் என்று சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு எனக்கே அலுப்பாக இருந்தது. அகராதியில் இல்லாத அர்த்தத்தோடு எத்தனை பேரிடம் மல்லுக்கட்டுவது? இன்னொருவர், “கம்யூனிட்டி எல்லாம் நாங்க பாக்கறதில்லீங்க” என்று சொல்லிவிட்டு, “சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கு, நீங்க இன்னா?” என்றார்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். தமிழில் கேட்க வாய் வராததையெல்லாம் ஆங்கிலத்தில் எவ்வளவு சுளுவாகக் கேட்டுவிடுகிறார்கள்! சாதி என்று சொன்னால் நாக்கில் சுடும். கம்யூனிட்டி என்றால் சுடாது. இந்த மொழியைச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்து போர்டின் கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எழுதிய பெயின்டர் இரண்டு சுழி ன போட வேண்டிய இடத்தில் மூன்று சுழி ண போட்டுவிட்டான். காலணி நிறுத்தம். எங்கள் நைனா இருந்தவரைக்கும், என்னைப் பார்க்க வந்து இறங்கும்போதெல்லாம் அதைப் பார்த்து, “செருப்புன்னு எழுதி வச்சிட்டு போய்ட்டான் பாரு, எறங்கறவன் எல்லாம் ஜோடி ஜோடியா எறங்குங்கடா” என்று சிரிப்பார். நான் பஞ்சாயத்தில் போய் எழுத்தைத் திருத்தச் சொன்னேன். ஆகட்டும் டீச்சர் என்றார்கள், ஆகவில்லை. கடைசியில் காலனி என்ற சொல்லையே எடுத்துவிடும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. போர்டை நீல பெயின்ட் அடித்து மறைத்தார்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் கண்டக்டர் போர்டைப் பார்த்தா குரல் கொடுக்கிறார்?

அப்படித் தேடிக்கொண்டிருந்தபோது கிடைத்தது அந்த வீடு. டவுனுக்கு வெளியே வயலைப் பிளாட் போட்டு விற்ற இடத்தில், கீழ் வீடு. மேலே வீட்டுக்காரர்கள். அவர் ரிட்டயர்ட் ஆபீசர், அந்த அம்மா வீட்டில்தான் இருந்தார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். அந்த இடத்துக்குள் நுழையும்போது ஒரு சிமென்ட் வளைவு உண்டு. அதில் ஒரு நல்ல பெயரைப் போட்டு, பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘காலனி’ என்று எழுதியிருந்தது. மகள் அண்ணாந்து பார்த்தாள். “ம்மா, இவங்களும் காலனியாம்மா?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டவுனில் காலனி என்றால் ஆபீசர்கள் இருக்கிற இடம். கிராமத்தில் காலனி என்றால் நாங்கள் இருக்கிற இடம். நடுவில் இருப்பது ஒரு பஸ் டிக்கெட் தூரம்.

வீட்டைச் சுற்றிக் காட்டினார்கள். ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு பெட்ரூம். பெட்ரூமில் கிழக்குப் பார்த்த ஜன்னல். ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரோடு சேர்த்துக் கட்டிய சிமென்ட் அலமாரி. மகள் அந்த ஜன்னலை விட்டு நகரவே இல்லை. புத்தகம் எந்தத் தட்டில், ஸ்டூல் எந்தப் பக்கம் என்று கையால் அளந்துகொண்டிருந்தாள். “ஆன்ட்டி, செவுத்துல பயாலஜி சார்ட் ஒட்டலாமா?” என்று கேட்டாள்.

“ஒட்டிக்கோம்மா, படிக்கிற புள்ளைக்கு இல்லாத செவுரா?” என்றார்கள் அந்த அம்மா. நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன்.

மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் காபி கொடுத்தார்கள். சார் எந்தக் கம்பெனி, எனக்கு ரிட்டயர்மென்ட் எப்போது என்றெல்லாம் பேச்சு போனது. நான் மனதுக்குள் சாமான் ஏற்றும் வண்டிக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அப்போது அந்த அம்மா, “நேட்டிவ் எந்தப் பக்கம்?” என்றார்கள்.

“அவலூர்பேட்டை பக்கம்” என்றேன். வரும்போதே மகளிடம் சொல்லி வைத்திருந்தேன். கேட்டால் பக்கம் என்று சொல், அதோடு நிறுத்திக்கொள்.

“அட, எங்க அக்காவ அந்தப் பக்கந்தான் குடுத்திருக்குது. எந்த ஊரு?”

சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது?

“அந்த ஊரா? அங்க எல்லாம் நமக்குத் தெரிஞ்சவங்கதான். அங்க யார் வூடு நீங்க?”

இந்த இடத்தில் வழக்கமாக நான் தண்ணி வசதிக்குத் தாவுவேன். அன்றைக்கு, “எங்க சார் வந்து, கம்பெனியில…” என்று எதையோ இழுத்துக்கொண்டிருந்தேன். மகள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“ஊர்ல இல்லீங்க ஆன்ட்டி. காலனிலங்க.”

பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அந்த அம்மா வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். உடனே அந்த அம்மா சமாளித்துக்கொண்டு, “அதனால இன்னாம்மா, இப்பல்லாம் யாரு அதெல்லாம் பாக்கறாங்க? முறுக்கு எடுத்துக்கோ” என்றார்கள். மகள் ஒன்று எடுத்துக்கொண்டாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். அட்வான்ஸ் பற்றிக் கேட்டேன். “ஒன்னும் ப்ராப்ளம் இல்ல மேடம். வீட்ல டிஸ்கஸ் பண்ணிட்டு நானே மெசேஜ் பண்றேன்” என்றார் அவர். வீட்டில் இருப்பதே அவர்கள் இரண்டு பேர்தான், இரண்டு பேரும் என் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

வளைவைத் தாண்டி ரோட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. “ஏன்டி?” என்றேன். கோபமாகக் கேட்க நினைத்தேன், குரல் சோர்ந்துபோய் வந்தது.

“எப்படியும் அவங்க அக்காகிட்ட கேப்பாங்கம்மா. சாமானெல்லாம் எறக்கினப்புறம் கேட்டா இன்னா பண்ணுவ? எக்ஸாம் நேரத்துல நான் வூடு காலி பண்ணினு இருக்க முடியாது. இல்லன்னா இப்பவே இல்லன்னு சொல்லட்டும்.”

அவள் சொன்னதில் தப்பே இல்லை. நான் இவ்வளவு வயசுக்கு யோசிக்காத கோணத்தை அவள் யோசித்திருந்தாள். தைரியத்தைக் காட்ட அவள் அதைச் சொல்லவில்லை. பரீட்சை நடுவில் வீட்டைப் பிடுங்காமல் இருக்க வேண்டுமே என்ற கவலையில்தான் சொன்னாள். எனக்கு அவள் மேல் பெருமை வரவில்லை. இந்தக் கணக்கெல்லாம் போட வேண்டிய வயசா அது?

ஆனாலும் பாருங்கள், நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம். முறுக்கு கொடுத்தார்களே, சார்ட் ஒட்டச் சொன்னார்களே என்று நான் நம்பினேன். அவள் தன் புத்தகங்களை இரண்டு அட்டைப் பெட்டியில் பிரித்து அடுக்கிவிட்டாள். முதலில் எடுக்க வேண்டியது, அப்புறம் எடுக்க வேண்டியது என்று. பள்ளிக்கூடத்திலிருந்து அந்த வீட்டுக்கு நடந்தே போய்விடலாம், சாயந்திரம் ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து படிக்கலாம் என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். தூக்கத்துக்காக ஆசைப்படுகிற பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மெசேஜ் வருகிறதா என்று நான் பீரியடுக்கு பீரியட் போனை எடுத்துப் பார்த்தேன்.

அந்த வாரக் கடைசியில் வந்தது. சாயந்திரம், செஞ்சி பஸ் ஸ்டாண்ட். நானும் அவளும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். அவள் நின்றபடியே பிசிக்ஸ் புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தாள். போன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள்.

ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார். குட் ஈவினிங் மேடம். வெரி சாரி. எங்கள் ரிலேட்டிவ்ஸ் அந்த வீட்டுக்கு வருகிறார்கள். கடைசி வரி: டோன்ட் மிஸ்டேக் மீ.

அவள் அதைப் படித்தாள். புத்தகத்தின் மேல் கண்ணை வைத்தாள், ஆனால் படிக்கவில்லை. எனக்குத் தெரியாதா? பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கு அழுகை வர வேண்டிய நேரம். வந்தது என்ன தெரியுமா? சிவப்பு மையைத் தேடும் கை. தப்பா நினைச்சுக்காதீங்க என்பதை நம் ஆட்கள் அப்படியே ஆங்கிலத்தில் போட்டு டோன்ட் மிஸ்டேக் மீ என்பார்கள். எத்தனையோ விடைத்தாளில் அதை அடித்திருக்கிறேன். ஒரு ஆளை மிஸ்டேக் பண்ணுவது என்றால், அவரை வேறொருவராக நினைத்துக்கொள்வது. அண்ணனைத் தம்பி என்று நினைத்துக் கூப்பிட்டுவிட்டால் அதுதான் மிஸ்டேக். பிள்ளைகளுக்கு இதே உதாரணம்தான் சொல்லுவேன். அந்தக் கணக்கில், இந்த மனிதர் என்னிடம் கேட்டுக்கொண்டது, என்னை வேறு ஆள் என்று நினைத்துவிடாதீர்கள் என்பதுதான்.

அன்றைக்கு முதல் தடவையாக அந்த வரியில் அடிக்க எனக்கு ஒன்றுமே இல்லை.

மகளிடம் அர்த்தத்தைச் சொன்னேன். அவள் ஒரு நொடி யோசித்து, “கரெக்டாதான சொல்லிருக்காரு” என்றாள். பிறகு, “நீ இன்னா போடப் போற?” என்றாள்.

எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஆங்கிலத்திலேயே அதுதான் சுத்தமான வாக்கியம். இலக்கணப் பிழை இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஐ ஹேவ் நாட் மிஸ்டேக்கன் யூ, சார். அந்த ஒரு வரிதான். அதற்கு அர்த்தம், உங்களை நான் வேறு யாராகவும் நினைக்கவில்லை. நீங்கள் யார் என்று சரியாகத்தான் தெரிந்துகொண்டேன். அனுப்பிவிட்டு மகளிடம் காட்டினேன். “செமம்மா” என்று சிரித்தாள். அந்த ஒரு நிமிஷம் நாங்கள் இரண்டு பேரும் நிமிர்ந்துதான் நின்றோம்.

அவரிடமிருந்து உடனே பதில் வந்தது.

தேங்க் யூ மேடம். அதற்குப் பக்கத்தில் கும்பிடுகிற கை இரண்டு ஜோடி. கீழே இன்னொரு வரி: யூ ஆர் வெரி அண்டர்ஸ்டாண்டிங்.

“இன்னாம்மா சொல்றாரு?” என்று கேட்டாள் மகள். போனை அவள் கையில் கொடுத்தேன். படித்தாள், திருப்பிக் கொடுத்தாள், சிரிக்கவில்லை. நான் தப்பாக நினைத்துக்கொள்ளவில்லை என்றுதான் அந்த மனிதருக்குப் புரிந்திருக்கிறது. பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்திருக்கும். ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பார்.

எங்கள் பஸ் வந்தது. நல்ல கூட்டம். அவள் முதலில் ஏறி எனக்காக ஒரு இடம் பிடித்து வைத்திருந்தாள். நான் அவளை அதில் உட்கார வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி ஊரைத் தாண்டுவதற்குள், புத்தகத்தை மடியில் பிரித்து வைத்தபடியே தூங்கிவிட்டாள்.